பின் ஸீட்டிலிருந்து கேளுங்கள்!

உங்கள் வீட்டில் இன்னும் அம்பாஸடர் கார் இருக்கிறதா? 1950-களில் பிறந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியைப் பிரிய மனமில்லாத குடும்பங்கள் இன்றும் உண்டு.

ஓடும்போது பின்பக்கம் 'ஊம்...' என்று ஊளையிடுகிறதா? ஓட்டுகிறவரை விட, பின் ஸீட்டில் இருக்கும் உங்களுக்கே அது முதலில் கேட்கும். பின் சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாக இருக்கும் 'டிபரன்ஷிய'லின் புலம்பல் அது. திருப்பத்தில் வெளிச் சக்கரம் அதிகமாகவும் உள் சக்கரம் குறைவாகவும் சுழல வழி செய்வது அதுதான்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு ஸ்வரம், விட்டால் வேறு ஸ்வரமா? சந்தேகம் அங்கேதான். வளைவில் மட்டும் ஓசை மாறினால், சக்கரத்தின் பேரிங்காகவும் இருக்கலாம்.

யாரிடம் காட்டுவது? பார்த்தவுடனே, "எல்லாம் மாத்தணும், அம்மா!" என்பவரிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் வண்டியில் ஏறி ஒரு சுற்று வந்து காது கொடுப்பவர், ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பவர், பற்களில் சாயம் தடவி அவை சரியாகப் பொருந்துகின்றனவா என்று சோதிப்பவர் - அவரே கைதேர்ந்தவர். உள்ளே கிரௌனும் பினியனும் தம்பதி மாதிரி. மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

இத்தகைய பெரியவர்களின் விலாசம் பழைய டாக்ஸிக்காரர்களுக்குத் தெரியும். போனால், அவர் பக்கத்தில் ஒரு பையன் நின்று தொழில் கற்கிறானா என்றும் பாருங்கள். உங்கள் வண்டியின் ஆயுள் அவன் கையில்தான் இருக்கிறது!