பாலம் தூக்கும் நேரம்

முதலில் ஒரு நீண்ட ஊதல், உடனே ஒரு குட்டி ஊதல். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கால்வாயின் மேலுள்ள ஃப்ரீமான்ட் பாலத்தை நெருங்கும் படகு இப்படித்தான் வழி கேட்கும். பாலத்தின் கோபுர அறையில் உட்கார்ந்திருப்பவர் அதேபோல நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று ஊதினால் 'திறக்கிறேன், வா' என்று பொருள். ஐந்து குட்டி ஊதல்கள் வந்தால் 'இப்போது முடியாது, நில்.' முப்பது விநாடிக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பது விதி. இன்றைக்கு ரேடியோவிலும் கேட்கிறார்கள் என்றாலும் ஊதலுக்கு இன்னும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பதில் ஊதியதும் மணி அடிக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, சாலையின் இரண்டு பக்கமும் கேட் இறங்குகிறது. நடுப்பாலத்தில் அகப்பட்டுக்கொண்ட கடைசி சைக்கிள்காரர் கரையேறும்வரை பொறுத்திருந்து, பூட்டை விடுவித்த பிறகுதான் தளங்கள் எழும். படகு கடந்து போவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கு முன்னும் பின்னும் நடக்கும் சடங்குகள்தான் நேரத்தைத் தின்கின்றன. எல்லாம் முடிந்து கேட் எழும்போது நாலைந்து நிமிடம் போயிருக்கும். 1917 ஜூனில் திறக்கப்பட்ட இந்தப் பாலம் இன்றும் ஒரு நாளைக்குச் சராசரியாக 35 தடவை எழுந்து இறங்குகிறது. உலகிலேயே அதிகம் தூக்கப்படும் பாலங்களில் இது ஒன்று.

இவ்வளவு தடவை தூக்கக் காரணம் அதன் உயரம். தண்ணீருக்கு மேல் 30 அடிதான் இடைவெளி. சுமாரான பாய்மரப் படகின் மரமே அதைவிட உயரம். பக்கத்திலேயே 1932-ல் கட்டிய அரோரா பாலம் இருக்கிறது. அதன் கீழே எந்தப் பாய்மரமும் தாராளமாகப் போகலாம். ஆனால் அது மேட்டிலிருந்து மேட்டுக்குப் போகிற பாலம். கரையோரத் தெருவில் கடை வைத்திருப்பவருக்கும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கும் தாழ்வான பாலம்தான் வேண்டும். பாலத்தை உயர்த்திக் கட்டினால் போயிற்று என்று சொல்பவர்கள் அணுகுசாலை எங்கிருந்து ஏற ஆரம்பிக்கும் என்பதை யோசிப்பதில்லை.

சாலையில் நூறு பேர், தண்ணீரில் ஒரே ஒரு படகு. நம் ஊர் ரயில்வே கேட்டில் நின்று வாட்சைப் பார்த்த அனுபவம் உள்ள எவரும் இதில் யாருக்கு முன்னுரிமை என்று கேட்டால் நூறு பேருக்குத்தான் என்பார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் தூக்குப் பாலங்களின் நேரத்தை முடிவு செய்வது நெடுஞ்சாலைத் துறை அல்ல, கடலோரக் காவல்படை. வேறு விதி எழுதப்படாத இடத்தில் படகு கேட்டவுடன் பாலம் தாமதமில்லாமல், முழுவதுமாகத் திறக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை விதி. லண்டனிலும் இதே கதை. டவர் பாலத்தில் நதிப் போக்குவரத்துக்குத்தான் முதல் உரிமை. 1997 மே மாதம் அமெரிக்க அதிபர் கிளின்டனின் கார் அணிவகுப்பு அந்தப் பாலத்தைக் கடந்தபோது, கிளாடிஸ் என்ற பாய்மரப் பார்ஜுக்குக் குறித்த நேரம் வந்துவிட்டது. பாலம் எழுந்தது, அணிவகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பாதுகாப்புப் படையினர் பதறினார்கள். பார்ஜ் நிதானமாகப் போய்ச் சேர்ந்தது.

இதைப் பழைய காலத்துப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. காருக்கு அடுத்த பாலம் இருக்கிறது, படகுக்கு அடுத்த ஆறு இல்லை. காருக்கு பிரேக் இருக்கிறது, படகுக்கு அதுவும் இல்லை. நீரோட்டம் பின்னாலிருந்து தள்ள, காற்று பக்கவாட்டில் அடிக்க, பாலத்துக்கு முன்னால் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பது சின்னப் படகுக்கே பெரும்பாடு. பார்ஜைக் கட்டி இழுத்துவரும் இழுவைப் படகுக்கு அது ஆபத்து. அந்த பார்ஜில் 1,500 டன் ஜல்லி இருந்தால், அதையே 25 டன் லாரிகளில் ஏற்ற 60 லாரி வேண்டும். பார்ஜை விரட்டிவிட்டால் அந்த 60 லாரியும் இதே பாலத்துக்குத்தான் வரும்.

எனவே படகுக்கு வழி விட்டே ஆகவேண்டும். எப்போது, எத்தனை படகுக்கு ஒருமுறை என்பதுதான் கேள்வி. இதற்கு விடை சொல்லும் கணக்கு சிக்னல் விளக்குகளுக்கு நேரம் குறிக்கும் பொறியாளர்கள் தினமும் போடுகிற கணக்குதான்.

ஒரு சாலைத் தடத்தில் தடையில்லாமல் விட்டால் மணிக்குச் சுமார் 1,800 வண்டிகள், அதாவது நிமிடத்துக்கு 30, போக முடியும். மதிய நேரத்தில் அதில் பாதி, நிமிடத்துக்கு 15 வண்டி வருவதாக வைத்துக்கொள்வோம். பாலம் எழுந்து சாலை ஐந்து நிமிடம் மூடினால் 75 வண்டி சேரும். கேட் திறந்ததும் நிமிடத்துக்கு 30 வெளியேறும், ஆனால் பின்னால் 15 புதிதாக வந்து ஒட்டிக்கொள்ளும். நிகரக் குறைவு 15. ஆக இன்னும் ஐந்து நிமிடத்தில் வரிசை கரைந்துவிடும்.

இப்போது மாலை ஐந்து மணி. நிமிடத்துக்கு 27 வண்டி வருகிறது. அதே ஐந்து நிமிட மூடலில் 135 வண்டி சேர்கிறது. திறந்த பிறகு வெளியேறுவது 30, வந்து சேர்வது 27. நிமிடத்துக்கு மூன்றே வண்டிதான் குறைகிறது. வரிசை கரைய 45 நிமிடம்! எல்லா வண்டிகளின் காத்திருப்பையும் கூட்டினால், மதியம் அந்த மூடலின் விலை 375 வண்டி-நிமிடங்கள், மாலையில் 3,375. வண்டிகள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தொல்லை ஒன்பது மடங்கு. கரையோரக் கடைக்காரர் 'அரை மணி நேரமாகியும் வரிசை தீரவில்லை' என்று புலம்பும்போது, சாலை மூடியிருந்தது ஐந்து நிமிடம்தான் என்று அதிகாரி சொன்னால் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

சியாட்டிலின் விதி இந்தக் கணக்கின் வடிவத்திலேயே இருக்கிறது. வார நாட்களில் காலை 7 முதல் 9 வரை, மாலை 4 முதல் 6 வரை ஃப்ரீமான்ட் பாலம் சிறு படகுகளுக்குத் திறக்காது. ஆயிரம் டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கும் அவற்றை இழுத்து வருபவற்றுக்கும் மட்டும் விலக்கு. நிற்க முடியாதவற்றை நில் என்று சொல்வதில் அர்த்தமில்லையே. அதே கால்வாயின் கிழக்கே உள்ள மான்ட்லேக் பாலத்தில் காலை, மாலை தடையோடு இன்னொரு படியும் உண்டு: மதியத்துக்குப் பிறகு சில மணி நேரம் முழு மணிக்கும் அரை மணிக்கும் மட்டுமே திறப்பு. இந்த அரை மணி ஏற்பாட்டைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். திறப்பின் எண்ணிக்கையைக் குறைப்பது அதன் பாதி வேலைதான். ஒரு வரிசை கரைவதற்குள் அடுத்த மூடல் வந்து அதன் தலையில் ஏறிவிடாமல் தடுப்பது மீதிப் பாதி. அந்த மதியக் கணக்கில் வரிசை பத்து நிமிடத்தில் கரைகிறது. இருபது நிமிடம் மிச்சம். மாலைக் கணக்கில் ஐம்பது நிமிடம் ஆகிறது. அரை மணி இடைவெளி அங்கே எடுபடாது. அதனால்தான் அந்த நேரத்தில் சிறு படகுகளுக்கு முழுத் தடை.

அப்படியென்றால் படகுகளைக் கூட்டமாகச் சேர்த்து ஒரேயடியாக விட்டுவிடலாமே? இங்கேதான் கணக்கு கொஞ்சம் விளையாட்டுக் காட்டுகிறது. காத்திருப்பின் மொத்த விலை, மூடிய நேரத்தின் வர்க்கமாக வளரும். இரு மடங்கு நேரம் மூடினால் நான்கு மடங்கு தொல்லை, ஏனென்றால் சேரும் வண்டியும் இரு மடங்கு, ஒவ்வொன்றும் நிற்கும் நேரமும் இரு மடங்கு. கேட், பூட்டு, ஏற்றம், இறக்கம் எல்லாவற்றுக்கும் மூன்று நிமிடம், படகு ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படகுக்குத் திறந்தால் நாலு நிமிடம், வர்க்கம் 16. இரண்டு படகைச் சேர்த்து விட்டால் ஐந்து நிமிடம். வர்க்கம் 25, படகுக்குப் பன்னிரண்டரை. மூன்று படகுக்கு ஆறு நிமிடம். 36, படகுக்கு 12. நாலாவது படகிலிருந்து விலை மறுபடி ஏற ஆரம்பிக்கிறது. பத்துப் படகைச் சேர்த்து விட்டால் பதின்மூன்று நிமிடம். 169, படகுக்கு ஏறக்குறைய 17. ஒவ்வொன்றாக விட்டதைவிட மோசம்! மூன்று மூன்றாக விடுவதே இந்த உதாரணத்தில் சாலைக்கு நல்லது. எண்கள் பாலத்துக்குப் பாலம் மாறும், ஆனால் சேர்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பது மாறாது.

பாம்பனில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே சாலைப் பாலம் 1988-லிருந்து உயரத்தில் போகிறது. படகோடு மோதுவது ரயில் மட்டும். 1914 முதல் நூறாண்டுக்கு மேல் உழைத்த பழைய பாலத்தின் ஷெர்சர் தூக்குப் பகுதியை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். திறக்கிற நாளில் கப்பல் முதலில் போகும், பின்னாலேயே விசைப்படகுகள் வரிசை கட்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி மோட்டாரில் 17 மீட்டர் செங்குத்தாக மேலே போகிறது. பழையதோ புதியதோ, படகுகளைக் காக்க வைத்து மொத்தமாக விடுவது அங்கே சரியான வழிதான். ரயில் நிமிடத்துக்குப் பதினைந்து என்று வந்துகொண்டிருப்பதில்லை. இரண்டு ரயிலுக்கு நடுவே பாலம் அரை மணி நேரம் திறந்து கிடந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த ரயில் வருவதற்குள் இறக்கிப் பூட்டினால் போதும். சியாட்டிலிலேயே கால்வாயின் கடல்முனையில் இருக்கும் ரயில் தூக்குப் பாலம் பெரும்பாலும் மேலே எழுந்தபடியே நிற்கும். ரயில் வந்தால்தான் இறங்கும்.

படகுக்காரர்கள் பக்கம் பார்த்தால் அட்டவணையில் வரமும் உண்டு, சாபமும் உண்டு. ஒரே பாலமென்றால் வேகத்தைக் கூட்டிக் குறைத்து நேரத்துக்கு வந்துவிடலாம். அடுத்தடுத்து பாலங்கள் இருந்தால்தான் வேதனை. ஆறு நாட் வேகத்தில் போகும் படகு ஒரு கடல் மைலுக்குப் பத்து நிமிடம் எடுக்கும். ஒன்றரை மைல் தள்ளியிருக்கும் இரண்டு பாலங்களும் முழு மணிக்கும் அரை மணிக்கும் திறந்தால், முதல் பாலத்தைக் கடந்தவர் இரண்டாவதன் முன்னால் கால் மணி நேரம் வட்டமடிக்க வேண்டும். இரண்டாவதைக் கால் மணிக்கும் முக்கால் மணிக்கும் மாற்றிவிட்டால் நேராகப் போய்விடலாம். ஃபுளோரிடாவின் கரையோர நீர்வழியில் சில பாலங்களுக்கு இப்படி மாற்றி மாற்றித்தான் நேரம் குறித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம்விடக் கடுமையான ஏற்பாடு சிகாகோவில். ஊர் நடுவே ஆற்றின் மேல் வரிசையாகத் தூக்குப் பாலங்கள். அங்கே பாய்மரப் படகுகள் வசந்த காலத்தில் ஏரிக்குப் போவதும் இலையுதிர் காலத்தில் கொட்டகைக்குத் திரும்புவதும்தான் பெரிய போக்குவரத்து. அதற்காகப் பருவ காலத்தில் புதன், சனி என்று நாள் குறித்து, கூட்டமாக வரும் படகுகளுக்கு ஒவ்வொரு பாலமாகத் தூக்குகிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை போகிறவரிடம் நாள் குறித்து வா என்று சொல்லலாம். தினம் மீன்பிடிக்கப் போகிறவரிடம் சொல்ல முடியாது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நேவா நதிப் பாலங்களை நள்ளிரவுக்கு மேல்தான் தூக்குகிறது. அங்கே அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியவர்கள் கரையில் இருப்பவர்கள்; பார்ட்டி முடிந்து தாமதமாகக் கிளம்பினால் விடியும்வரை அக்கரை போவது கஷ்டம். கொல்கத்தாவின் பழைய ஹௌரா மிதவைப் பாலமும் இந்த வழிக்குத்தான் வந்தது. பகலில் மட்டுமே பிரித்து வழி விட்டுக்கொண்டிருந்தவர்கள், 1906 ஜூனிலிருந்து கடல் நீராவிக் கப்பல்கள் தவிர மற்றவற்றுக்கு இரவிலும் பிரித்தார்கள்.

பணம் இருந்தால் உயரத்தைக் கூட்டலாம். வாஷிங்டன் அருகே போடோமக் ஆற்றின் மேல் உள்ள உட்ரோ வில்சன் பாலத்தை மாற்றிக் கட்டியபோது இடைவெளியை 50 அடியிலிருந்து 70 அடியாக்கினார்கள். வருடத்துக்குச் சுமார் 260 தடவை தூக்கியது சுமார் 60 ஆகக் குறைந்தது. இருபது அடிக்கு இவ்வளவு பலன். ஆனாலும் தூக்கும் எந்திரத்தை விட்டுவிடவில்லை.

பணம் இல்லாத இடத்தில் அட்டவணையைத்தான் மாற்ற வேண்டும். அமெரிக்காவில் அதற்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. புதிய நேரத்தை 180 நாள் வரை சோதனையாக ஓட்டிப் பார்க்கலாம். பொதுமக்களிடம் கருத்தும் கேட்பார்கள். இதில் ஒரு ஓட்டை எனக்குத் தெரிகிறது. காத்திருந்த கார்களைச் சாலையோரக் கருவி எண்ணிவிடும். பாலத்தின் பதிவேட்டில் திறந்த நேரமும் போன படகும் இருக்கும். தடை நேரத்துக்குப் பயந்து வராமலே போன படகு எதிலும் பதிவாகாது. சோதனையைக் குளிர்காலத்தில் தொடங்கினால் பாதிப் படகுகள் கொட்டகையில் கிடக்கும்; ஆட்சேபமே இல்லை என்று தோன்றும். கோடையில் தொடங்கினால் வாரக் கடைசியில் ஏரிக்குப் போகிறவர்களின் கூட்டம் கணக்கையே மாற்றிவிடும். பாலத்து நேரம் மாறப்போகிறது என்று செய்தி வந்தால் எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்பதற்கு முன்னால், எந்த மாதத்தில் சோதித்தார்கள் என்று பார்ப்பது நல்லது.