கார்பன் சைக்கிள் ஃபிரேமில் விரிசலா? சரிசெய்யலாமா, மாற்றணுமா?

காஞ்சிப் பட்டு போல கார்பன் ஃபிரேமும் இழைகளின் வேலைதான். 5 முதல் 10 மைக்ரான் தடிமனுள்ள இழைகளை எபாக்சி பிசினால் அடுக்கடுக்காக இறுக்குகிறார்கள். சேலைக் கிழிசலை இழையோட்டி ஒப்பேற்றலாம். ஓடும் சைக்கிளில் இது உயிர் விஷயம்! இரும்பு பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். கார்பன் திடீர்னு உடையலாம்.

எப்படித் தெரியும்?
நாணயத்தால் தட்டிப் பாருங்க. ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். சந்தேகம் தீர அல்ட்ராசவுண்ட் சோதனை இருக்கு.

சரிசெய்யலாம்: குழாயின் நடுப்பகுதி விரிசல். சேதத்தைத் தேய்த்தெடுத்து, இழைத் திசை மாறாமல் புது அடுக்குகள் ஒட்டணும். அனுபவமுள்ளவரிடமே கொடுங்க.

மாற்றணும்: ஃபோர்க், ஹேண்டில்பார் விரிசல். ஓட்டும்போது உடைந்தால் பிடிமானமே போயிடும்.

முடிவெடுக்கும்வரை அந்த சைக்கிளை ஓட்டாதீங்க.