சாவி திரும்பியும் வண்டி உயிர்பெறாதபோது

மழைக்காலத்தில் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் நீர் தேங்குவது மும்பைவாசிகளுக்குப் பழகிய காட்சி. தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ அவ்வழியே வரும் நம் வாடிக்கையாளரின் மோட்டார் சைக்கிள் அங்கே நின்றுவிட்டால், பழி பெரும்பாலும் சாவி சுவிட்சின் மேல்தான் விழுகிறது. முதலில் வண்டியை நீரற்ற இடத்திற்குத் தள்ளிச் சென்று, சாவியைத் திருப்பிப் பார்ப்போம்.

விளக்கு எரிந்து ஹாரனும் ஒலித்தால் குற்றம் அநேகமாக வேறிடத்தில்: கைப்பிடியிலுள்ள சிவப்புப் பொத்தானையும் சைடு ஸ்டாண்டையும் கவனிக்க வேண்டும். எதுவுமே எரியாவிட்டால் பேட்டரி முனைகளையும் ஃபியூஸையும் சோதிப்போம். மாற்று ஃபியூஸ் அதே ஆம்பியர் அளவினதாக இருத்தல் அவசியம்; வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகினால் கம்பிகளே எரிந்துவிடக்கூடும். சாவியை மெல்ல அசைக்கையில் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், சுவிட்சின் உள்தகடுகள் தேய்ந்தோ பாசிபூத்தோ இருக்கலாம். கனத்த சாவிக்கொத்தும் பூட்டைத் தேய்க்கிறது.

ஆகவே மாற்று ஃபியூஸ், சிறு ஸ்க்ரூடிரைவர், உலர்துணி, டார்ச் ஆகியவற்றோடு, காப்பீட்டில் சாலையோர உதவி சேர்ந்திருந்தால் அதன் தொலைபேசி எண்ணையும் உடன் வைத்திருப்போம்.

சாலையோர மெக்கானிக் இரு கம்பிகளை இணைத்து வண்டியைக் கிளப்பித் தருவதுண்டு. வீடு சேர அது போதும். ஆனால் அதன்பின் அவ்வண்டிக்குச் சாவியே தேவையில்லை, திருடனுக்கும்தான்! வண்டி களவுபோனால் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக இரு சாவிகளையும் கேட்கும். பூட்டை விரைவில் மாற்றி, அதன் ரசீதையும் பழைய சாவிகளையும் வீட்டில் பத்திரப்படுத்துவது நலம்.