மனம் சொல்லும் சாட்சி

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அப்படி அரள்பவனைக் கண்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் கோபத்திலும் அவமானத்திலும் துக்கத்திலும் நாமும் அந்த அரண்டவனாகவே ஆகிவிடுகிறோம் என்பதை எத்தனை பேர் கவனிக்கிறோம்?

நான் ஓர் உபாத்தியாயன். சில வருஷங்களுக்கு முன், வீட்டுப் பாடம் எழுதாமல் வந்த ஒரு பையனைக் கண்டித்துக்கொண்டிருந்தேன். அவன் உதட்டில் புன்னகை அரும்பியது. 'என்னைப் பரிகசிக்கிறான்' என்று என் உள்ளம் கொதித்தது. அதில் அணுவளவும் சந்தேகம் தோன்றவில்லை. ஒரு வாரம் அவனைப் பின்வரிசையில் தனியே உட்கார வைத்தேன். முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. பிறகு அவனுடைய தாயார் வந்தார். "ஐயா, பயம் வந்தால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்" என்றார். நடுங்கிக்கொண்டிருந்த குழந்தையை அல்லவா துஷ்டன் என்று தீர்ப்புச் செய்துவிட்டேன்! அவன் சிரித்தது மெய். எனக்குக் கோபம் வந்ததும் மெய். பரிகாசம் ஒன்றுதான் பொய்.

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவ ஞானி ஜான் லாக், ஒரே தண்ணீர் ஒரு கைக்குக் குளிர்ந்தும் மறு கைக்குச் சுட்டும் தோன்றலாம் என்று எடுத்துக் காட்டினார். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கையைக் குளிர்ந்த நீரிலும் மற்றதைப் பொறுக்கக்கூடிய வெந்நீரிலும் சற்று வைத்திருந்து, பிறகு இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் இடுங்கள். இரு கைகளும் இரு விதமாகச் சாட்சி சொல்லும். முன்பு எதில் தோய்ந்திருந்ததோ, அதைக்கொண்டே கை பேசுகிறது. மனமும் அப்படித்தான். அன்று காலை நான் வேறொரு மனக்கசப்புடன் வகுப்பில் நுழைந்திருந்தேன்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மனநோய் வைத்தியர் ஆரன் பெக் (1921–2021), 1960-களில் இவ்வுண்மையையே ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தார். 'நான் எதற்கும் உதவாதவன்' என்று சோர்ந்து கிடப்பவருக்கு வெறும் ஆறுதல் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. 'இதற்கு என்ன ஆதாரம்? எதிரான ஆதாரம் உண்டா? வேறு காரணம் இருக்கலாகாதா?' என்று நோயாளியே ஆராயும்படி பழக்கினார். இன்று உலகெங்கும் அம்முறை கையாளப்படுகிறது.

அப்படியானால் உணர்ச்சிகளையெல்லாம் பிரமை என்று தள்ளிவிடுவதா? கூடவே கூடாது. 1919-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கேட்டு நாடு கொதித்தது. காங்கிரஸ் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. காந்தியடிகளும் அதில் இருந்து, சாட்சியங்களைச் சலித்துப் பார்த்தார். 1920-இல் அறிக்கை வெளிவந்தது. விசாரணையினால் அந்தக் கோபம் குன்றவில்லை. அதன் நியாயம் உறுதிப்பட்டது. மெய்யான கோபம் விசாரணைக்கு அஞ்சாது. வதந்தியைக் கேட்டு அண்டை வீட்டார்மீது எழும் கோபத்தையும் இதே தராசில் நிறுத்தால், எத்தனை சண்டைகள் ஓயும்!

உணர்ச்சி ஒரு சாட்சி. அதன் வாக்குமூலத்தைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சாட்சியையே நீதிபதியாக்கிவிடலாகாது.

மறுநாள் வகுப்பின் எதிரிலேயே அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் மறுபடியும் புன்னகை செய்தான். பயமா, சந்தோஷமா? நானாக எதையும் தீர்மானிக்கவில்லை. அருகில் அழைத்து, அவனையே கேட்டேன்.