உங்களுக்குத் தெரியுமா? வேலையை விட்டு நிறுத்தும்போது…

பசறையிலிருந்து கொழும்புக்கும் கட்டுநாயக்காவுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் பலர், ஆட்குறைப்புக் கடிதம் கையில் வந்ததுமே பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த முதலாளிக்கு இரண்டே வழிதான். ஊழியர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகம் எழுத்தில் அனுமதி தர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த நிறுத்தமே செல்லாது. வேலைத்தலத்தில் 15 பேராவது இருந்திருக்க வேண்டும், நீங்கள் கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். இவைதான் முக்கிய நிபந்தனைகள்.

"நீங்களே ராஜினாமா எழுதிக் குடுங்க, காசை உடனே தாறோம்" என்று அவசரப்படுத்துவது ஏன் தெரியுமா? ஆணையாளரிடம் போனால் கம்பனி காரணம் காட்ட வேண்டும், விசாரணைக்கு நிற்க வேண்டும், முடிவுக்கு 2 மாதம் வரை காத்திருக்கவும் வேண்டும். உங்கள் கையெழுத்து அத்தனையையும் மிச்சப்படுத்திவிடும். ஆகவே தொகையை முதலில் எழுத்தில் வாங்குங்கள், ஒப்பம் பிறகு. அன்றைக்கே போட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் விபரம் தெரிந்தவரிடம் காட்டக் கூச்சப்படாதீர்கள்.

எவ்வளவு கேட்கலாம்? ஆணையாளர் அனுமதிக்கும்போது நட்டஈட்டுக்கு வர்த்தமானியில் வந்த கணக்கு ஒன்று இருக்கிறது. முதல் 5 வருடத்துக்கு, வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வரை வருடத்துக்கு 2 மாதம். அதற்குப் பிறகு படிப்படியாகக் குறையும். மாதம் 40,000 ரூபாவில் 8 வருடம் வேலை செய்தவருக்கு 18½ மாதச் சம்பளம், அதாவது 7,40,000 ரூபா. இந்தக் கணக்கைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஆபீசுக்குள் போகிறவரிடம் "மூணு மாசச் சம்பளம் தாறோம்" என்று சொல்வதற்கே மேனேஜர் கொஞ்சம் யோசிப்பார்.

சேவைக்காலப் பணம் வேறு, நட்டஈடு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க விடாதீர்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேராவது உள்ள வேலைத்தலத்தில் 5 வருடம் முடித்தவர்களுக்குச் சேவைக்காலப் பணம் உரிமை. ராஜினாமா செய்தாலும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதம், நாட்சம்பளக்காரருக்கு 14 நாள். நாளுக்கு 1,350 ரூபா வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு 25 வருடத்துக்கு 4,72,500 ரூபா. இதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் 10 வீதத்தில் தொடங்கி 30 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

"ஒழுங்கீனம்" என்று சொல்லி நிறுத்தினாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதுவும் நிறுத்திய பின் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள். வாயால் சொல்லி கேட்டைச் சாத்துவது சட்டத்தில் இல்லாத பழக்கம்.

வேலை செய்வது நாலைந்து பேர் உள்ள கடையிலா? 1971ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது, ஆனால் தொழில் நியாய சபை இருக்கிறது. நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். சட்டத்தரணி வைக்க வசதியில்லாவிட்டால் தொழிற்சங்கப் பிரதிநிதி உங்களுக்காகப் பேசலாம். சந்தா கட்டுகிறீர்கள் அல்லவா, தலைவரைக் கேளுங்கள்.

நம் பாட்டன்மார் காலத்தில் பிரச்சினை தலைகீழ்: விலகத்தான் முடியாது. கங்காணியும் அவர் ஆட்களும் பட்ட கடனைக் குறித்த "துண்டு" ஒன்றைத் தொரை கொடுப்பார். அடுத்த தோட்டத்துத் தொரை அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆட்கள் இடம் மாறலாம். இந்த முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. தொரையோடு பேசித் தீர்ப்பதும் நமக்குப் புதிதல்ல. 1940 மே மாதம் பதுளைக்குப் பக்கத்து வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள். அந்தச் சபையைக் கலந்து நடப்பதாகத் தொரையே ஒப்புக்கொண்டார். பிறகு பொலிஸ் வந்து அடக்கியது வேறு கதை. ஊவாவில் தொழிலாளி தொரையோடு நேருக்கு நேர் பேசியது அப்போதே நடந்திருக்கிறது.

கடைசியாக ஒரு சில்லறை விசயம். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈ.பி.எப். பதிவில் இன்னொரு பெயர் என்று இருப்பது தோட்டப் பக்கத்தில் சர்வசாதாரணம். முத்தம்மா முத்தாயி ஆகியிருப்பார். பணம் எடுக்கும்போது சிக்கல் வராமலிருக்க, வேலையில் இருக்கும்போதே ஆபீசில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். நின்ற பிறகு அதே கிளாக்கர் உங்களை வேறு கண்ணால்தான் பார்ப்பார்.