ஒரு கண்டுபிடிப்புக்கு இரண்டு பேட்டன்ட் கிடைக்குமா?

சென்ற ஆண்டு விஜயபுரம் போயிருந்தபோது என் தங்கையின் பேத்தி சில தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "தாத்தா, சென்னை பேட்டன்ட் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கு. என் கண்டுபிடிப்புக்கு என் கண்டுபிடிப்பே தடையாம். இது என்ன நியாயம்?" என்றாள். நான் டிப்ளமோ படித்த ரயில்வேக்காரன், வக்கீல் அல்ல. ஆனாலும் சட்டப் புத்தகத்தை வாங்கி உட்கார்ந்து படித்தேன். நம் சங்கக் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் அநேகம் பேர் இருப்பதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவள் செய்த கருவியைச் சொல்லிவிடுகிறேன். பள்ளம் தோண்டும் ஜே.சி.பி. இயந்திரத்தின் கையில் பொருத்துவது அது. மண்ணுக்கடியில் மின்சாரம் ஓடும் கேபிள் இருந்தால் அதைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தை உணர்ந்து, டிரைவருக்கு மணி அடிக்கும். இதன் அருமை எனக்குத் தெரியும். நான் வேலையில் இருந்தபோது ஒரு காண்டிராக்டரின் ஆள் சிக்னல் கேபிளை வெட்டிவிட்டான். கேபிள் அறுந்தால் சிக்னல் சிவப்பிலேயே நின்றுவிடும். பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருப்பார்கள். வண்டிகளெல்லாம் வழியில் நிற்க, இரவு முழுதும் டார்ச் விளக்கோடு அறுந்த முனையைத் தேடினோம். நாடு முழுவதும் இப்படி ஒருங்கிணைப்பில்லாமல் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. தோண்டுமுன் கேபிள், குழாய்களின் சொந்தக்காரர்களுக்குத் தகவல் கொடுக்க 2023 மார்ச் 22-இல் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியும் வந்தது.

பேத்தி முதலில் கருவிக்கு ஒரு விண்ணப்பம் போட்டாள். நாலு மாதம் கழித்து, "எண்ணிக்கை கூடினால் நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதே கருவியால் "எச்சரிக்கும் முறை" என்று இன்னொன்றும் போட்டுவிட்டாள். சிக்கல் அங்கேதான்.

விண்ணப்பத்தின் கடைசியில் 'கிளெய்ம்' என்று ஒரு பகுதி உண்டு. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதுபோல, எது வரை எனக்குச் சொந்தம் என்று அதில் சொல்ல வேண்டும். 1970-ஆம் ஆண்டுப் பேட்டன்ட் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, ஒரு பேட்டன்ட் ஒரே ஒரு கண்டுபிடிப்புக்குத்தான் என்கிறது. முந்தைய தேதியுள்ள விண்ணப்பத்தில் கோரிவிட்டதைப் பிந்தையதில் மறுபடி கோரினால், 13-ஆம் பிரிவின்படி பரிசோதகர் ஆட்சேபம் எழுப்புவார். இரண்டும் ஒரே ஆளுடையதாக இருந்தாலும் அப்படித்தான். காரணம் எளிது. பேட்டன்ட்டின் ஆயுள் 20 ஆண்டு. அதன் பிறகு அது ஊருக்குப் பொது. அதையே பெயர் மாற்றித் திரும்பத் திரும்ப வாங்கினால் அந்த 20 முடிவதே இல்லை.

டாபாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்து வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஆஸ்ட்ராஜெனிகா கம்பெனி அந்த ஒரே மருந்துக்கு இரண்டு பேட்டன்ட்டுகளைக் காட்டி, மற்றவர்கள் அதைத் தயாரிக்கத் தடை கேட்டது. முதலாவது 2020 அக்டோபரில் காலாவதியாகிவிட்டது. ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு பேட்டன்ட்தான் என்று சொல்லி, 2021 ஜூலையில் டில்லி உயர் நீதிமன்ற அமர்வு இடைக்காலத் தடை தர மறுத்தது.

அமெரிக்காவில் வேறு வழக்கம். அங்கே இரண்டாவது பேட்டன்ட்டும் முதலாவதோடு சேர்ந்தே முடியும் என்று எழுதிக்கொடுத்து வாங்கலாம். ஆனால் எண்ணிக்கை அங்கும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. நிலத்தடிக் குழாய்களின் இடத்தைக் குறித்துக் கணினியில் பதிவது பற்றி சர்டஸ்வியூ என்ற கம்பெனி ஐந்து பேட்டன்ட்டுகளை வைத்து வழக்காடியது. அடிப்படையில் அது வெறும் கருத்துதான் என்று 2015-இல் வர்ஜீனியாவில் ஒரே தீர்ப்பில் ஐந்திலும் கோரியவை செல்லாமல் போயின. நம் சட்டத்திலும் வெறும் கணினி நிரலுக்குப் பேட்டன்ட் இல்லை. செயலி மட்டும் செய்யும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே விண்ணப்பத்தில் உண்மையிலேயே இரண்டு கண்டுபிடிப்புகள் இருந்தால், 16-ஆம் பிரிவின்படி அதைப் பிரித்துப் போடலாம். பழைய தேதியே கிடைக்கும். ஆனால் ஒன்றில் கோரியது மற்றதில் இருக்கக் கூடாது. பிரிக்க வேண்டிய இரண்டாவது கண்டுபிடிப்பு கிளெய்மில் இல்லாவிட்டாலும், விவரணையில் இருந்தால் போதும் என்று 2023 அக்டோபரில் சின்ஜென்டா வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் சொன்னது.

பேத்திக்கு அது பொருந்தவில்லை. "இரண்டாவதில் புதுசா ஏதாவது உண்டா, யோசி" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, ஒரே மாதிரி ஆழத்தில் உள்ள கேபிளுக்கும் ஜே.சி.பி. எஞ்சினின் சொந்த மின்சாரத்துக்கும் கருவி குழம்பியதாகவும், அதைப் பிரித்தறிய இரண்டாவது உணர்கருவி ஒன்றைச் சேர்த்ததாகவும் சொன்னாள். இரண்டாவது விண்ணப்பத்தின் ஒன்பதாம் பக்கத்தில் நாலு வரியில் அதை எழுதியும் இருந்தாள்! கிளெய்மில்தான் சேர்க்கவில்லை.

இப்படிப்பட்ட மேம்பாட்டுக்கென்றே 54-ஆம் பிரிவில் 'கூடுதல் பேட்டன்ட்' இருக்கிறது. மூலத்தோடு ஒப்பிட்டுப் பெரிய கண்டுபிடிப்பாக இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது. ஆனால் புதியதாக இருக்க வேண்டும். தனியாகப் புதுப்பிப்புக் கட்டணம் இல்லை. மூலப் பேட்டன்ட் முடியும் நாளில் இதுவும் முடியும்.

பரிசோதனை அறிக்கைக்கு ஆறு மாதத்துக்குள் பதில் தராவிட்டால், அவகாசமும் கேட்காவிட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். அவளுக்கு அப்போது ஐந்து வாரம்தான் மீதி. நகரியிலிருந்து ரயிலேறி இருவரும் சென்னைக்குப் போய் ஒரு பேட்டன்ட் ஏஜென்டைப் பார்த்தோம். முதலாவதில் உள்ளதையெல்லாம் இரண்டாவதிலிருந்து அடித்துவிட்டு, அந்த நாலு வரியை மட்டும் கிளெய்மாக்கி, கூடுதல் பேட்டன்ட்டாகக் கருதும்படி கேட்டு, கெடுவுக்கு ஆறு நாள் முன்னதாகப் பதில் அனுப்பினோம். மூலப் பேட்டன்ட் கிடைத்த பிறகுதான் கூடுதலைத் தருவார்கள் என்பதால், இப்போது இரண்டுக்குமாகக் காத்திருக்கிறாள்.