சமன்பாடும் சரிபார்த்தலும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கடலை அடுத்து அமைந்த ஊர் இலுப்பைக்கடவை. இத்தகைய கரையோர ஊர்களில் மீன் விற்ற பணத்தைப் பங்கிடும்போதெல்லாம் ஒரு சமன்பாடு தீர்க்கப்படுகின்றது. அதற்கு அப்பெயரை இடுவோர்தாம் சிலர்.

எடுத்துக்காட்டாக ஒரு நாட்கணக்கைக் கொள்க. மீன் விற்றுக் கிடைத்த பணம் 14,000 ரூபா. எரிபொருட் செலவு 1,500 ரூபா. எஞ்சியதில் தொழிலாளர் மூவருக்கும் ஆளுக்கொரு பங்கு. வள்ளத்துக்கும் வலைக்குமாகச் சம்மாட்டிக்கு இரு பங்கு. ஒரு பங்கு எவ்வளவு?

தெரியாத அப்பங்கை 'ப' என்க. மொத்தப் பங்குகள் ஐந்து. ஆகவே, 5ப + 1,500 = 14,000. சமன்பாடு தராசு போன்றது. ஒரு தட்டிற் செய்வதை மறு தட்டிலும் செய்தல் வேண்டும். இருபுறமும் 1,500ஐக் கழிக்க, 5ப = 12,500. இருபுறத்தையும் 5ஆல் வகுக்க, ப = 2,500.

இம்முறை மிகப் பழையது. ஒருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் விதியைப் பிரமகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார்.

விடை கிடைத்ததும் எழுதுகோலை வைத்துவிடுவது மாணவர் வழக்கம். செலவைக் கழியாது, 14,000ஐ முதலில் 5ஆல் வகுத்துப் பின்னர் 1,500ஐக் கழித்தான் ஒருவன் என்க. அவனுக்குக் கிடைப்பது 1,300. அதே வழியிற் பத்துமுறை செய்யினும் அதே பிழையே வரும். விடையைச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தாலோ, 5 × 1,300 + 1,500 = 8,000. மீதி 6,000 ரூபா எங்கே? பிழை உடனே வெளிப்படுகின்றது.

இன்னொருவன் சம்மாட்டிக்கும் ஒரு பங்கென்றே எண்ணி, 4ப + 1,500 = 14,000 என எழுதுகின்றான். விடை 3,125. அதை அவன் சமன்பாட்டில் இட்டால் 14,000 சரியாகவே வரும். ஆயினும் கணக்குப் பிழை. சமன்பாடே தவறாயிருப்பின், அதனுள் இட்டுப் பார்ப்பதாற் பயனில்லை. வாய்ச்சொல்லாகக் கூறப்பட்ட நிபந்தனைக்கே திரும்புதல் வேண்டும். மூவருக்கு 9,375; சம்மாட்டிக்கு 6,250; செலவு 1,500. கூட்டினால் 17,125. கையிலுள்ள பணமோ 14,000.

முதல் விடைக்கும் இச்சோதனையைச் செய்க. மூவருக்கு 7,500, சம்மாட்டிக்கு 5,000, செலவு 1,500. கூட்டுத்தொகை 14,000. கணக்கு ஒத்தது.

பாடசாலையில் இப்பிழைக்கு ஒரு புள்ளி குறையும். கரையிலோ, 2,500 ரூபா பெறவேண்டியவன் 1,300 ரூபாவுடன் வீடு செல்வான். ஆதலின் விடை காண்பது பாதி வேலை. அதைக் கேள்வியிடம் மீண்டும் கொண்டுசென்று காட்டுவதே மறுபாதி.